ராக்கெட் அத்தைக்கு போன் எடுத்த வாரம்

வீட்டில் ஒரு ராக்கெட் இன்ஜினியர் இருந்தால், முதலில் சூடேறுவது போன் எடுக்கிறவனுக்குத்தான். உங்கள் வீட்டிலும் இப்படிப் பெரிய ஆள் ஒருவர் இருந்தால் என் கஷ்டம் புரியும்.

ராக்கெட் இன்ஜின் பிரிவில் பெண்களே இல்லாத காலத்தில் அங்கே சேர்ந்தவர் என் அத்தை. போன தடவை அவருடைய இன்ஜின் பாதி வழியில் அணைந்துபோனது. இந்தத் தடவையும் அணைந்தால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துக் கால் முறிந்து, திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் போன் என் கையில். எனக்கு அப்போது இன்னும் குரல் உடையாததால் அத்தை குரலும் வரும். விடுவேனா?

மழை விசாரணை

முதல் போன் மேலத்தெரு மாமா. குறுவை நெல்லை ரோட்டில் காயப்போட்டிருந்தார். "இன்னிக்கு மழை வருமாம்மா?"

"நாங்க ராக்கெட் ஆபீஸ். மழைக்கு வேற ஆபீஸ் இருக்கு," என்றேன், அத்தை மாதிரியே மூக்கால் இழுத்து.

மாமா அசரவில்லை. "அவ்வளவு ஒசரம் போகுதே, போற வழியில மேகத்தை ஒரு எட்டு பாத்துட்டுப் போனா என்னம்மா?"

மாட்டிக்கொண்டது

ஏவுவதற்கு முந்தின நாள் அத்தையின் ஜூனியர் கூப்பிட்டார். "மேடம், எல்லாம் செக் பண்ணியாச்சு. ஆனாலும் பயமா இருக்கு." பாவமாக இருந்தது. அத்தை குரலில், "பயப்படாதப்பா. நீ நல்லாதான் செஞ்சிருக்கே. சாப்பிட்டுத் தூங்கு," என்றேன்.

அவர் கேட்டார்: "மேடம் என்னை ஒரு நாளும் பாராட்டினதில்லையே. தம்பி, நீ யாரு?"

மோட்டார் சத்தம்

மறுநாள் டிவியில் கவுண்ட்டவுன் ஆரம்பித்ததும் அத்தையைக் காணோம். கொல்லையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் போர்செட் ஓடிக்கொண்டிருந்தது. டிவி காதில் விழக்கூடாது என்று மோட்டாரைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சதும் வந்து சொல்லு. யார் மாதிரியும் பேசாதே. உன் குரல்ல சொல்லு."

ராக்கெட் கிளம்பியது. போன தடவை அணைந்த இடம் வந்தது. தாண்டியது. செயற்கைக்கோள் பிரிந்ததும் ஓடினேன். வாயைத் திறந்தால் பாதி கீச்சு, பாதி தவளை. "அத்தை, கடைசி வரைக்கும் எரிஞ்சுது. செயற்கைக்கோள் சரியான இடத்துல போய் உக்காந்துடுச்சு."

அத்தை கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டார். கண்ணைத் திறந்ததும் கொல்லையைப் பார்த்தார். "மோட்டாரை நிறுத்துடா, நாத்தங்கால் முழுவுது."

தண்ணீரை வடித்து நாற்றையும் காப்பாற்றிவிட்டோம், ஆனால் அன்று உடைந்த என் குரல் உடைந்ததுதான். இப்போது நான் எந்த போனை எடுத்தாலும், அப்பா என்று நினைத்து மரியாதையாக "வணக்கம்ங்க" என்கிறார்கள்.