நரசிம்மர் இல்லாத செட்

என் கடையில் மற்ற ஒன்பது அவதாரங்களும் வந்த வேகத்தில் போய்விடும். நரசிம்மர் மட்டும் மிச்சம் விழுவார். மேசை இழுப்பறையைத் திறந்தால் வரிசையாக நரசிம்மர், நரசிம்மர், நரசிம்மர். வாங்க ஆள் கிடையாது, விற்க வருகிறவர்களுக்கோ குறைவே கிடையாது.

திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு ஃபிரேம் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. பைத்தியம் வேறு. படம் போட்ட வெள்ளி பிஸ்கட் சேர்ப்பேன், சேர்த்ததை விற்பேன். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் வெள்ளி கொண்டுவரலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட்ட காலம் அது. குவைத்துக்கு டிரைவராகப் போனவர்களும் சமையலுக்குப் போனவர்களும் கம்பளி, செண்டு பாட்டிலோடு இந்த பிஸ்கட்டுகளையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி அகலம், கனம் குறைவு. பின்பக்கம் கம்பெனி முத்திரை, சுத்தம் எவ்வளவு என்ற கணக்கு, ஒரு நம்பர். முன்பக்கம் கப்பல், குதிரை, மசூதி என்று ஏதாவது ஒரு படம். மேலே ஒட்டின பிளாஸ்டிக் உறை.

ஊரில் இறங்கியதும் அவர்கள் செய்கிற முதல் காரியம் அதைக் கொண்டுபோய் உருக்கிக் கொலுசு செய்வது. ஞாயிற்றுக்கிழமையானால் நான் சித்தூருக்குப் போய் உருக்குகிற பட்டறைகளில் உட்கார்ந்திருப்பேன். உலையில் போவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும். உறை கிழிந்துவிட்டால் எடைக்கு விலை. கிழியாமல் இருந்தால் சென்னையிலும் ஹைதராபாத்திலும் படத்துக்கு விலை கொடுக்கிறவர்கள் இருந்தார்கள்.

அதில் ராஜா, தசாவதார செட். அங்கே இருக்கிற நம்மவர்களுக்கென்றே எவனோ புத்திசாலி போட்டது. பத்து பிஸ்கட், பத்து அவதாரம், பத்துக்கும் பின்னால் ஒரே நம்பர். முழு செட் வந்தால் எனக்கு ஒரு மாதம் ஆணி அடிக்க வேண்டியதில்லை. ஆனால் வராது. அந்த புத்திசாலிக்கு நம் ஊர் தெரியாது. இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிற கோலத்தில் நரசிம்மரைப் போட்டிருந்தான். உக்கிரமான சாமியை வீட்டில் வைக்கக் கூடாது, வைத்தால் சண்டை ஓயாது என்று நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் சொல்வார்கள். படமே மாட்டமாட்டார்கள். ஃபிரேம் போடுகிற எனக்கு அது தெரியாதா? லட்சுமியை மடியில் வைத்த நரசிம்மர் என்றால் மாட்டுவார்கள். இது கிழிக்கிற நரசிம்மர். அதனால் ஒன்பதை வைத்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் என்னிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். என்றைக்காவது அந்த வீட்டு ஒன்பதும் விலைக்கு வரும், அன்று ஜோடி சேர்த்துக்கொள்ளலாம் என்று நானும் வாங்கிப் போடுவேன்.

அப்படிப்பட்ட கடைக்கு ஒருத்தி நரசிம்மரை வாங்க வந்தாள்.

நாராயணவனம் பக்கத்துக் கிராமத்துப் பெண். கைக்குட்டைக்குள் வராக பிஸ்கட் ஒன்றைச் சுற்றி எடுத்துவந்திருந்தாள். உள்ளே வரும்போதே சந்துப் பக்கம் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, இதே செட்டுல நரசிம்மர் ஒண்ணு வோணும்."

"அல்லாரும் விக்கறதுக்குத்தான் வருவாங்க. நீ இன்னாம்மா வாங்க வந்துக்கிற?"

"எங்க வூட்டுக்காரரு குவைத்துல இருந்து அனுப்பின செட்டு. புருஷன் கடல் தாண்டிக்கிற வூட்ல இந்த சாமி இருக்கக்கூடாதுன்னு மாமியா சொன்னாங்க. மலைக்குப் போனப்ப உண்டியல்ல போட்டுட்டேன். இப்ப அவரு வராரு. வர வியாழக்கிழமை."

"வந்தா வரட்டும். மாமியாரயே சொல்லச் சொல்லு."

"அவங்க வாயே தொறக்க மாட்டாங்க. அவங்களுக்கும் பயம்தான்."

எனக்குச் சட்டென்று கோபம் வரும். கண்ணாடி வேலை செய்கிறவனுக்கு அது ஆகாது என்று தெரிந்தும் வரும். பெற்ற பிள்ளைக்கே பயப்படுகிற அம்மா இருக்கிறாளா என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"போன தபா வந்தப்ப டேப்ரெக்கார்டர காணோம்னாரு. என் தம்பி கேட்டான்னு ரெண்டு நாளைக்கு குடுத்திருந்தேன். எவனுக்குக் குடுத்த, எவனுக்குக் குடுத்தன்னு கேட்டுக்கினே கைய முறுக்கினாரு. மாவுக்கட்டு போட்டுக்கினு கெடந்தேன். அதுக்கப்புறம் என் தம்பி எங்க வூட்டுப் பக்கமே வரதில்ல. நாயுடுபேட்டையில கம்பெனி வேலைக்குப் போய்ட்டான்."

பருத்தி விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. இழுப்பறையைத் திறந்து நரசிம்மர்கள் அத்தனை பேரையும் மேசைமேல் கவிழ்த்துப் பரப்பினேன். அவள் செட்டின் நம்பர் 4172. அந்த நரசிம்மர் உண்டியலில் போய்விட்டார், என் மேசையில் எப்படி இருப்பார்? இருந்தும் இருவரும் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். கடைசி எண் மட்டும் மாறி, 4178 என்று ஒன்று கிடைத்தது.

"நம்பர் ஒத்துப்போவலம்மா."

"அவரு நம்பரா பாப்பாரு? படத்த எண்ணுவாரு. பத்து இருந்தா சரி."

காசு இல்லை, கொலுசைக் கழற்றித் தருகிறேன் என்று குனிந்தாள். "கால்ல கொலுசு இல்லன்னா அதுக்கு வேற பதில் சொல்லணும். எடுத்துக்கினு போம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவள் பிஸ்கட்டை அதே கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறக்குறைய ஓடினாள்.

வியாழக்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. அளவு தப்பிக் கண்ணாடி வெட்டினேன். விமானம் வந்திருக்குமா, வீட்டுக்குப் போயிருப்பானா, எண்ணியிருப்பானா என்று நினைப்பெல்லாம் அங்கேயே இருந்தது. பேர்கூடத் தெரியாத ஒருத்திக்காக இப்படித் தவிக்கிறோமே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த வாரம் சித்தூருக்கும் போகவில்லை. யாராவது அவள் ஊர்க்காரர் கடைக்கு வந்தால் பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அவனே வந்தான்.

மெலிந்த ஆள். இஸ்திரி போட்ட சட்டை, கடைக்குள் அவனுக்கு முன்னால் நுழைந்த அத்தர் வாசனை. பின்னால் அவள். என்னை முன்பின் பார்த்தே இராதவள்போல் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபிரேம் போட்ட படத்தை வாங்கிப்போக வந்திருந்த புருஷன் பெண்டாட்டி இருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நமஸ்தே அண்ணா, பாகுன்னாரா?" என்று மரியாதையாக நலம் விசாரித்தான். குரலில் தேன் வழிந்தது. "படம் போட்ட வெள்ளின்னா உங்ககிட்டதான் போவணும்னு பஜார்ல சொன்னாங்க. குவைத்து போதும்னு வந்துட்டேன். மலைக்கு ஆளு ஏத்தற வேன் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன். இந்த செட்ட எடுத்துக்கோங்க."

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினான். மச்சம், கூர்மம், வராகம், பிறகு நான் கொடுத்த நரசிம்மர். பத்தும் வைத்து முடித்ததும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் யோசிக்க நேரம் வேண்டுமே! நம்பர் ஒன்று மாறியிருக்கிறது என்று சொன்னால், எப்படி மாறியது என்று அவளைத்தான் கேட்பான். ஒரே நம்பர் என்று சொன்னால், நம்பர் கலந்த செட்டுக்கு முழு செட் விலை என் தலையில் விழும். விழட்டும். ஒரு மாதம் கூடுதலாக ஆணி அடித்தால் ஆயிற்று. அவள் ஒரே ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"அல்லாம் ஒரே நம்பரா அண்ணா?"

"ஒரே நம்பர்தான். செட்டு சுத்தமா இருக்குது."

"இன்னொரு தபா பாருங்க."

"பாத்துட்டேன்பா."

"சரிகா சூடு" என்றான். நல்லாப் பார் என்று தெலுங்கில், அதுவும் ஒருமையில். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. நரசிம்மரைப் புரட்டி நம்பர்மேல் நகத்தை வைத்தான். "இது எட்டு. மத்ததெல்லாம் ரெண்டு. குவைத்துல நான் ஓட்டின வண்டி நம்பரு நாலு ஒண்ணு ஏழு ரெண்டு. அந்த நம்பர்ல வோணும்னு கேட்டு, கடைக்கு நாலு நட நடந்து வாங்கின செட்டு இது. வூட்டுக்கு வந்த அன்னிக்கே பாத்துட்டேன். இவள ஒண்ணும் கேக்கல. இது எங்கருந்து வந்துச்சி, அத மட்டும் தேடிக்கினு இருந்தேன்."

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

"வாங்கறவன் இன்னா பொய் சொல்லுவான்? மட்டம்னுவான், நம்பர் ஒத்துப்போவலன்னுவான். வெலய கொறைக்கறதுக்குத்தான பொய் சொல்லுவான்? நீ உனக்கு நஷ்டமாவுறதுக்கு பொய் சொல்ற. எவளுக்காவ சொல்ற?"

இத்தனை வருஷம் வாங்கி விற்றவனுக்கு இந்தச் சின்ன விஷயம் உறைக்கவில்லை. காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளை நானே கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டேன். பயந்தேன், நன்றாகவே பயந்தேன். பெஞ்சில் இருந்த இருவரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"உனுக்கும் இவுளுக்கும் இன்னா?" என்று கேட்டுக்கொண்டே அவன் மேசைமேல் சாய்ந்தான். என் கையில் ஆணி அடிக்கிற சுத்தி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. அவனும் அதைப் பார்த்தான்.

"அவர இன்னாத்துக்கு கேக்கற? என்ன கேளு."

அவள்தான். படங்களை விட்டுத் திரும்பி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நரசிம்மர மலை உண்டியல்ல போட்டேன். உங்கம்மா போடச் சொன்னாங்க. உனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு போடச் சொன்னாங்க. நானும் அதுக்குத்தான் போட்டேன். நீ எண்ணிப் பாப்பன்னு இங்க வந்து வேற வாங்கினு போனேன். இதுக்கு முன்னால இவர ஒரே ஒரு தபாதான் பாத்தேன்."

"இத வூட்லயே சொல்றதுக்கின்னா?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவன்னு எனுக்குத் தெரியும். உங்கம்மாவுக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாத இந்த அண்ணனுக்கே தெரிஞ்சிதான், கைநஷ்டப்பட்டு பொய் சொல்றாரு. தெரியாதது உனுக்கு மட்டும்தான்."

அவன் கை எழுந்தது. அவள் நகரவில்லை.

"அடிக்கறதுன்னா இங்கயே அடி. வூட்ல போயி அடிக்காத. இங்க நாலு பேரு பாக்கட்டும்."

பெஞ்சில் இருந்த பெண் எழுந்து நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனும் எழுந்தான். குவைத்திலிருந்து வந்தவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். எழுந்த கை பிடரியைச் சொறிந்துவிட்டு இறங்கியது. பிஸ்கட்டுகளை அள்ளிப் பையில் போட ஆரம்பித்தான். ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்தான். 4178ஐ மட்டும் தொடாமல் மேசையிலேயே விட்டான்.

"வா" என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சந்தில் இறங்கினான்.

அவள் நரசிம்மரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "உங்களுது உங்ககிட்ட வந்துடுச்சி அண்ணா" என்றாள். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சந்தில் நின்ற அவனுக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள்.

"தம்பி இருக்கற நாயுடுபேட்டைக்கு பஸ்சு எங்க நிக்கும்?"

சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் காளஹஸ்தி பஸ்கள் நிற்கிற வரிசையின் கோடி. அவள் படியிறங்கி வலது பக்கம் திரும்பினாள்.

"ஏய், நம்ம ஊருக்கு இந்தப் பக்கம்" என்று அவன் இடது பக்கம் கை காட்டினான். குரலில் அத்தனை நேரம் இருந்த தேன் இப்போது இல்லை, அதட்டலும் இல்லை.

"தெரியும்" என்றாள் அவள், நடையை நிறுத்தாமல்.