கன்னையா எடுத்த படம்

பொது இடத்தில் குப்பை போட்டால் அபராதம் மட்டுமல்ல, தெருவையும் கூட்ட வேண்டும் என்ற புதிய சட்டம் ஜனவரியில் அமலுக்கு வந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில் அதை எல்லோரையும்விட அதிகமாக வரவேற்றவர் கன்னையா. வயது அறுபத்திரண்டு. ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பாளர் சங்கத்துக்குச் செயலாளர். வெறும் பேச்சு மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. மாடிப்படியில் யாரோ வீசிய மீ நூடுல்ஸ் பொட்டலங்களைக் கையுறை மாட்டிக்கொண்டு அவரே பொறுக்குவார். பொறுக்கிக்கொண்டே, போட்டவர்களைத் திட்டுவார்.

அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் சட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. "நம்மளப் பிடிக்க மாட்டானுங்க, பங்களாக்காரனுங்களத்தான் பிடிப்பானுங்க" என்றார் பூக்கடை வாசு. பங்களா என்று அவர் சொன்னது வங்கதேசத் தொழிலாளர்களை. இந்தச் சட்டம் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார் கன்னையா. அப்போது இரண்டாம் மாடித் தாமரை எழுந்தாள். பங்சாரில் ஓர் உணவகத்தின் சமையல்கட்டில் வேலை செய்பவள். கணவன் இல்லை, பதினைந்து வயதில் ஒரு மகள்.

"நல்ல சட்டம்தான் அண்ணே, வேணாம்னு சொல்லல. ஆனா நம்ம பஸ் ஸ்டோப்புல ஒரு குப்பைத்தொட்டி இருக்கா சொல்லுங்க. அத வைக்கச் சொல்லி மொதல்ல ஒரு லெட்டர் போடுங்க லா. நீங்கதானே செயலாளர்."

கூடியிருந்த நாற்பது பேரும் கை தட்டினார்கள்.

"ஒழுக்கம் இருக்கிறவங்களுக்குத் தொட்டி தேவையில்ல" என்றார் கன்னையா. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் பேச்சுக்கு அந்தக் கூடத்தில் யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தோசை வாங்கப் போனவர் மோனோரயில் பாதைக்கடியில் நான்கைந்து பேர் பளிச்சென்ற பச்சை மேற்சட்டையோடு சாலையோரத்தைக் கூட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். கூட்டியவர்களில் ஒருத்தி தாமரை. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது டிஷ்யூ தாளைக் கால்வாயில் போட்டாள் என்று போன மாதம் அவளுக்குச் சம்மன் கொடுத்திருந்தார்கள். அது அப்போது கன்னையாவுக்குத் தெரியாது. பார்த்ததும் அவருக்கு வந்தது மகிழ்ச்சிதான். அதை அவர் பிற்பாடு தம் மனைவியிடம் கூடச் சொன்னதில்லை.

படம் எடுத்தார். 'சட்டம் வேலை செய்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்' என்று எழுதிக் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போட்டார். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. சிறிது நேரத்தில் ஒருவர் கேட்டார், 'இது ரெண்டாம் மாடித் தாமரைதானே?'

'தெரியவில்லை. யாராக இருந்தாலும் சட்டம் சட்டம்தான்' என்று பதில் போட்டார் கன்னையா.

மதியத்துக்குள் படம் கிள்ளானில் இருக்கும் தாமரையின் சொந்தக்காரர்களுக்குப் போய்விட்டது. யாரோ அதில் அவள் பெயரையும் ஓர் அசிங்கமான வரியையும் சேர்த்திருந்தார்கள். திங்கட்கிழமை அவள் மகள் மாதவியின் வகுப்பில் எல்லாருடைய கைப்பேசியிலும் அது இருந்தது. மாதவி பாதி நாளிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கன்னையாவின் மனைவி ரமணி கேட்டாள், "அது தாமரைன்னு உங்களுக்குத் தெரியலயா?"

"தூரத்துல இருந்து எடுத்தேன். முகம் தெரியல."

ரமணி படத்தை விரலால் பெரிதாக்கி, கைப்பேசியை அவர் முன்னால் மேசையில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். கன்னையா அப்போதுதான் சரியாகப் பார்த்தார். தாமரை நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் துடைப்பம். முகத்தில் சின்னதாய் ஒரு சிரிப்பு. தெரிந்தவரைப் பார்த்ததும் வரும் சிரிப்பு.

குழுவிலிருந்து படத்தை நீக்கினார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க வாசலுக்குக்கூடப் போகவில்லை. புதன்கிழமை இறங்கிப் போய்த் தாமரை வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் இரும்புக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றாள்.

"தெரியாம நடந்துபோச்சும்மா. நீதான்னு நான் கவனிக்கல."

"அண்ணே" என்றாள் தாமரை. குரலை உயர்த்தவில்லை. "உங்களப் பார்த்ததும் நான் தலையாட்டினேன். நீங்களும் தலையாட்டினீங்க. அதுக்கப்புறம்தான் ஃபோன எடுத்தீங்க. ஏதோ மெசேஜ் பார்க்கிறீங்கன்னு நெனச்சேன்."

கன்னையா கதவுக் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"தப்புப் பண்ணேன், கூட்டினேன். அதுல எனக்கு வெக்கமில்ல. இன்னும் ஒரு சனிக்கிழமை இருக்கு, போய்க் கூட்டிட்டு வருவேன். எம் மக என்ன பண்ணா? அவளப் பார்த்து ஸ்கூல்ல துடைப்பம் மாதிரி கையாட்டிக் காட்டுறாங்க."

உள்ளறையின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. மாதவியாக இருக்க வேண்டும். கன்னையா மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் பொய்தான் முதலில் வந்தது. அதற்குமேல் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல அவருக்கே கூசியது. மாடியேறி வந்துவிட்டார்.

மறுநாள் காலை முழுக்க மேசையில் உட்கார்ந்து எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் குழுவில் போட்டது நான்கு வரி. 'படத்தில் இருப்பது தாமரை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். கூட்டத்தில் அவள் சரியாகப் பேசினாள், எனக்கு அது பிடிக்கவில்லை. செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.'

'இதெல்லாம் பெரிய விஷயமா லா, விடுங்கண்ணே' என்றார் ஒருவர். கட்டைவிரல்கள் சில வந்தன. எதற்கு அந்தக் கட்டைவிரல் என்று அவருக்குப் புரியவில்லை. வாசு மட்டும் தனியாக எழுதினார்: 'நானும் அந்தப் படத்த அனுப்பினேன். எத்தனை பேருக்குன்னு ஞாபகமில்ல.' தாமரை படித்ததற்கான நீல அடையாளம் இருந்தது. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மாதவி அந்தப் பள்ளிக்குத் திரும்பவில்லை. பூச்சோங்கில் தாமரையின் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுச் சாமான் ஏற்ற வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. ஓட்டுநர் மட்டும்தான் வந்திருந்தார். சாமான் தூக்கக் கூட வர வேண்டிய ஆள் வரவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்த கன்னையா, போகலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கிப் போனார்.

தாமரை அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தார்.

"அந்த அலமாரிய அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.

இரண்டு மாடி. அலமாரி, கட்டில், துணி துவைக்கும் இயந்திரம். லிஃப்டில் நுழையாததையெல்லாம் படி வழியாக இறக்கினார்கள். இடது, வலது, மெதுவா, இதைத் தவிர அவர்கள் எதுவும் பேசவில்லை. கன்னையாவின் முட்டி வலித்தது. வலிக்கிறது என்று சொல்லும் உரிமை தமக்கில்லை என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாம் ஏற்றியானதும் தாமரை முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப மாதவி இறங்கி வருவா. உங்களப் பார்க்க வேணாம் அவ. அதுக்குள்ள போயிடுங்க அண்ணே."

"சரிம்மா" என்றார் கன்னையா.

முன்பக்கம் போனால் லிஃப்டில் அந்தப் பெண்ணை எதிர்கொள்ள நேரும். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்படி வழியாகத் தம் வீடிருக்கும் நான்காம் மாடிவரை ஏறினார். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது கீழே லோரி கிளம்பியது. அவர் எட்டிப் பார்க்கவில்லை.