டாட்டுக்குப் பின்னாடி மூணு எழுத்து

பிரவுசிங் சென்டர் நடத்தறவனுக்கு ரெண்டே எதிரி: ஒண்ணு கரண்ட் கட்டு, இன்னொண்ணு ஃபைல் பேர்ல டாட்டுக்குப் பின்னாடி வர்ற மூணு எழுத்து. கரண்ட் எப்படியும் திரும்பி வந்துடும். அந்த மூணு எழுத்து காணாமப் போனா கஸ்டமர் நம்ம மூஞ்சியத்தான் பாப்பாரு. இந்தத் தொழில்ல உக்காந்து எழுந்தவங்களுக்கு நான் சொல்லவே வேணாம்.

2005-ல மரக்காணம் பஸ் ஸ்டாண்டுகிட்ட நாலு கம்ப்யூட்டர் போட்டு உக்காந்திருந்தேன். அதுக்கு முன்னாடி பகல்ல உப்பளத்துல மூட்டை தைக்கற வேலை, பொழுது சாஞ்சா திண்டிவனத்துல கம்ப்யூட்டர் கிளாஸ். அந்த சர்டிபிகேட்ட பிரேம் போட்டு கல்லாவுக்கு மேலயே மாட்டியிருந்தேன். வர்றவங்க முதல்ல அதப் பாக்கணும்னுதான். அந்த வருஷம் எங்கிட்ட வந்தவங்கள்ல மறக்க முடியாதவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக் காதர் பாய். துபாய்ல ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு அலைஞ்சுக்கிட்டிருந்தாரு. அவரு போனாரா இல்லையாங்கறது கடைசில என் கடையிலதான் முடிவாச்சு.

பேர் மாத்தின போட்டோ

மெட்ராஸ் ஏஜெண்டு வெப்சைட்டுல போட்டோவ ஜேபெக்காத்தான் ஏத்தணும். காதர் பாய் ஸ்டுடியோவுல ஸ்கேன் பண்ணி பிளாப்பில கொண்டாந்தாரு. அது பி.எம்.பி., படத்துலயே வேற ரகம். "ஜேபெக் வேணும்னா கடைசில ஜே.பி.ஜி-ன்னு அடிச்சா போச்சு"ன்னு ஸ்டுடியோக்காரன் சொல்லிட்டானாம். பாய் அதையே நம்பி அடிச்சும் இருக்காரு. ஏத்தறோம், திருப்பி அனுப்புது. ஏத்தறோம், திருப்பி அனுப்புது. மூணாவது வாட்டி பாய் எழுந்து நின்னு மானிட்டர ஒரு தட்டு தட்டினாரு, பழைய ஃபிரிட்ஜ தட்டற மாதிரி.

"பாய், பேர மாத்தினா உள்ள இருக்கறது மாறாது. பெயிண்ட் புரோகிராம்ல தொறந்து, ஜேபெக்கா சேவ் பண்ணணும்"னு சொல்லி பண்ணிக் குடுத்தேன். ரெண்டு நிமிஷத்துல ஏறிடுச்சு. பாய் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு சொன்னாரு: "பாஸ்போர்ட்ல ஒரு எழுத்து மாறினா நான் வேற ஆளுங்கறான், இங்க மூணு எழுத்து மாத்தினாலும் அதே ஆளுங்குது, எவன்பா இந்த சட்டமெல்லாம் போடறான்?"

லாரிக்காரன் கையில இருக்கற சீட்டு

அன்னிக்கு பக்கத்து சேர்ல ஏழுமலை அண்ணன் உக்காந்திருந்தாரு. உப்பு புரோக்கர்கிட்ட சாம்பிள் பாக்கறவரு. ஒரு முழ நீளத்துக்கு கூரான இரும்புக் குழாய், குத்தூசின்னு சொல்லுவாங்க, அது எப்பவும் அவர் இடுப்புல இருக்கும். மூட்டைல சொருகி இழுத்தாருன்னா ஒரு பிடி உப்பு வெளிய வந்துடும். "ஏம்பா, இவ்ளோ நேரம் என்ன தகராறு?"ன்னு கேட்டாரு.

உப்பளத்து பாஷையிலயே சொன்னேன். டாட்டுக்குப் பின்னாடி வர்ற எழுத்து, சாக்கு மேல அடிச்ச மார்க்கு. மெயில்ல ஃபைல் வரும்போது கூடவே ஒரு வரி வரும், அதுக்கு மைம் டைப்புன்னு பேரு. இது படம், இது லெட்டர்னு எழுதியிருக்கும். அது லாரிக்காரன் கையில இருக்கற சீட்டு மாதிரி. சீட்டுல சாப்பாட்டு உப்பு, சாக்குல தோல் கம்பெனி உப்புன்னு இருந்தா இறக்கற எடத்துல நிக்க வச்சிடுவான் இல்ல? கம்ப்யூட்டரும் அப்படித்தான் முழிக்கும். அண்ணன் பொறுமையா கேட்டுட்டு இடுப்புல இருந்தத தடவிக்கிட்டே கேட்டாரு: "மார்க்கு பாக்கறீங்க, சீட்டு பாக்கறீங்க, ஆனா உள்ள என்னான்னு ஒருத்தனும் குத்திப் பாக்கறதில்லையா?"

நான் சிரிச்சேன். அப்ப சிரிச்சது தப்புன்னு ரெண்டு மாசம் கழிச்சுத் தெரிஞ்சது.

அரபில வந்த விசா

ஒரு வெள்ளிக்கிழம மத்தியானம் காதர் பாயும் அவர் சம்சாரம் மும்தாஜும் ஓடி வந்தாங்க. துபாய் கம்பெனிலேந்து விசா நேரா பாய் மெயிலுக்கே வந்துடுச்சு, அத பிரிண்ட் எடுத்து சாயங்காலத்துக்குள்ள மெட்ராஸ் ஏஜெண்டு கையில குடுக்கணும். இல்லன்னா அந்த வேலை லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும். ரெண்டு மணி பஸ்ஸ விட்டா போய்ச் சேர முடியாது. அப்ப மணி ஒண்ணேகால்.

மெயிலத் தொறந்தா ஃபைல் பேரு வெறும் VISA. டாட்டும் இல்ல, எழுத்தும் இல்ல. சீட்டப் பாக்கலாம்னு மைம் டைப்ப தேடினேன். octet-stream-னு இருந்துச்சு. அப்படின்னா "ஏதோ ஒரு மூட்டை"ன்னு அர்த்தம். ஏஜெண்டுக்கே அனுப்பிட்டு போன் போட்டேன். "எங்களுக்கும் தொறக்கல, பிரிண்டா கொண்டு வா"ன்னு போன வச்சிட்டான். விசா லெட்டர் மாதிரிதானேன்னு நம்பிக்கையா .doc-ன்னு அடிச்சு வேர்டுல தொறந்தேன். வளைவும் நெளிவுமா கட்டங்கட்டமா பக்கம் பக்கமா ஓடுச்சு. கீழ போய்க்கிட்டே இருந்தேன், முடியவே இல்ல. மும்தாஜ் எட்டிப் பாத்து, "அரபில அனுப்பிட்டாங்கண்ணா, நம்ம ஹஜ்ரத்த கூட்டியாங்க"ன்னுச்சு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

ஜும்மா தொழுகை முடிச்சிட்டு பள்ளிவாசல் ஹஜ்ரத் அப்படியே வந்தாரு. கண்ணாடிய மாட்டினாரு, கழட்டித் துடைச்சாரு, மறுபடியும் மாட்டினாரு. அப்புறம் என் தோள்ல கை வச்சு சொன்னாரு: "தம்பி, இது அரபி இல்ல, உருது இல்ல, மனுஷன் பேசற எதுவும் இல்ல, மிஷினுக்கு ஜுரம் வந்து பொலம்புது."

வாய்க்கட்டுகிட்ட ஒரு குத்து

மணி ஒண்ணே முக்கா. காதர் பாய் பையோட வாசல்ல நிக்கறாரு, உள்ளயும் வரல, வெளியயும் போகல. ஹஜ்ரத்த கடைக்குள்ள பாத்துட்டு, என்ன விசேஷம்னு ஏழுமலை அண்ணனும் வந்துட்டாரு. கேட்ட முதல் கேள்வியே, "குத்திப் பாத்தியா?"

"அண்ணே, பாதி மூட்டை வரைக்கும் பாத்துட்டேன், ஒண்ணும் புரியல."

"நடுவுல எவன்டா பாக்கச் சொன்னான்? வாய்க்கட்டுகிட்ட குத்து. என்ன சரக்குன்னு மேலயே தெரிஞ்சிடும்."

வேர்ட மூடினேன். ஃபைல நோட்பேட்ல தொறந்து மொத வரியப் பாத்தேன். %PDF. அவ்ளோதான். அவ்ளோ நேரமும் அது அங்கயேதான் இருந்திருக்குது. தொறந்ததுமே கீழ ஓட்டிட்டுப் போனது நான்தான், சர்டிபிகேட்டுக்கு நேர் கீழ உக்காந்துக்கிட்டு. VISA.pdf-னு பேர் வச்சு தொறந்தேன். காதர் பாய் போட்டோவோட வந்து நின்னுச்சு, பாதி இங்கிலீஷ், பாதி நெஜமான அரபி. ஹஜ்ரத் அத சத்தமா வாசிச்சாரு. பிரிண்டர் இழுத்துத் துப்பறதுக்குள்ள பஸ் ஹாரன் கேட்டுச்சு. மை காயாத பேப்பர ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு பாய் ஓடினாரு. கண்டக்டர் கதவத் தட்டி நிறுத்தி ஏத்திக்கிட்டான்.

நாங்க மூணு பேரும் கை தட்டினோம். மும்தாஜ் மட்டும் தட்டல. பஸ் திரும்பற வரைக்கும் பாத்துட்டு எங்க பக்கம் திரும்பி சொன்னுச்சு: "தொறக்காமலே இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் வூட்ல இருந்திருப்பாரு, நீங்க மூணு பேரும் நல்லா குத்திப் பாத்தீங்க."

kader.jpg

அடுத்த வருஷம் துபாய்லேந்து பாய் ஒரு போட்டோ அனுப்பினாரு. பேரு kader.jpg, மைம் டைப்பு image/jpeg. மார்க்கும் சரி, சீட்டும் சரி. மும்தாஜ் பக்கத்துல உக்காந்திருக்க, நான் ஒரே கிளிக்ல தொறந்து, "பாத்தியாம்மா, சுத்தமான ஜேபெக்"னு பெருமையடிச்சேன்.

படத்துல பாய் நீல கலர் யூனிபார்ம்ல, ஒரு மொட்டை மாடி ஏ.சி. பெட்டிகிட்ட நிக்கறாரு. கழுத்தெலும்பு தெரியுது. மும்தாஜ் முந்தானையால ஸ்கிரீனத் துடைச்சுட்டு, கிட்டப் போய்ப் பாத்துட்டு சொன்னுச்சு: "பேரு காதர்னுதான் போட்டிருக்குது, உள்ள இருக்கறது எங்க வூட்டு ஆளுதானா, நீங்களும் நல்லா பாத்து சொல்லுங்கண்ணா."

ஆறு மாச கிளாஸ்ல எனக்கு ஏறாத பாடத்த ஏழுமலை அண்ணன் ஒரே குத்துல முடிச்சிட்டாரு, ஆனா இன்னிக்கும் அந்த சர்டிபிகேட்டுல என் பேருதான் இருக்குது.