சாராள் அத்தைக்குப் பின்னால்

நான் கர்த்தருடைய பாத்திரத்தில் குடித்ததாக நடித்தேன். இராப்போஜனத்தில் சபையார் எல்லாரும் திராட்சரசம் குடிக்கும் அந்த ஒரே பாத்திரத்தின் விளிம்பில், உதடுகளை இறுக மூடி வைத்து எடுத்தேன். இரண்டு வருஷமாகிறது. இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஏன் குடிக்கவில்லை? எனக்கு முன்னால் சாராள் அத்தை குடித்திருந்தாள்!

அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. ஆம்பூர் தோல் ஷாப்பில், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பவள். முழங்கை வரை கைகளில் பட்டைச் சாயம் ஏறியிருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தோலின் வாடை அவளோடு கோவிலுக்கு வரும். அங்கேயே வேலை செய்யும் என் அப்பாவிடமும் அதே வாடைதான்... ஆனால் நான் வேலூரில் தங்கிப் படித்து, மிஷன் பள்ளிக்கு டீச்சராய்த் திரும்பியவள். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள்! அந்த நினைப்போடுதான் தெருவில் நடப்பேன்.

அன்று பிரசங்கம் எதைப் பற்றியது தெரியுமா? நாம் ஒருவரையொருவர் நேசிப்பதைக் கண்டுதான் ஊரார் நம்மை இயேசுவின் சீஷரென்று அறிவார்கள் என்பதைப் பற்றி. முந்தின நாள் வகுப்பில் அந்த வசனத்தைத் தப்பாகச் சொன்ன ஒரு பெண்ணை நான் முட்டி போட வைத்திருந்தேன்.

போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைச் சற்றுத் திருப்பித்தான் நீட்டினார். அப்படியும் என் வாய் திறக்கவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. அருகே முழங்காலிட்டிருந்த சாராள் அத்தை கவனித்தாள்.

வெளியே வந்ததும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போய்விட்டாள்.

அடுத்த இராப்போஜனத்தில் எல்லாரும் எழுந்து போய் வரும்வரை அவள் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசி ஆளாய்ப் போனாள். அன்றிலிருந்து எப்போதும் அப்படித்தான். தனக்குப் பின்னால் யாரும் குடிக்க நேராதபடி! போதகர் அவளுடைய தாழ்மையைப் புகழ்ந்து பேசினார். சபை தலையாட்டியது. நானும் ஆட்டினேன்...

அதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார்.

"தாழ்மையா? அவளா? ஷாப்பு மேஸ்திரியவே எதுத்துப் பேசுறவ. ஒனக்குப் பத்து வயசுல, ஒன்னப் பட்டை இடிக்க இட்டாரச் சொன்னாரு அந்த ஆளு. 'அது படிக்கட்டும், அதோட பங்கையும் நானே இடிக்கிறேன்'னு மல்லுக்கு நின்னது யாருன்ற?"

என் பங்கு! அந்தக் கைகளில் இருந்த சாயத்தில் பாதி என்னுடையது. அதைக் கண்டா நான் வாயை மூடினேன்?

போன மாதம் துணிந்தேன். எல்லாரும் எழுந்தபோது நான் எழவில்லை. அவளுக்குப் பின்னால் போய்க் குடிப்பதென்று பாயில் அவளருகே இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே மெல்லச் சொன்னாள்:

"நீ போ பாப்பா. வாய மூடிக்கினு கர்த்தர ஏமாத்துறதுக்குப் பதிலா, முன்னாடியே போய் நல்லா குடி."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சும்மா உட்கார்ந்தாவது இருந்திருக்கலாம். எழுந்து போனேன். வாயைத் திறந்து குடித்தேன். இனித்தது... திரும்பியபோது, கடைசி ஆளாக அவள் எழுந்துகொண்டிருந்தாள்.

நாளை மறுபடியும் இராப்போஜனம். வெள்ளைச் சேலையை மடித்து வைத்துவிட்டேன். இந்த முறையாவது அவள் எழும்வரை நகராமல் இருப்பேனா? கேட்டுக்கொண்டே இருக்கிறேன்... ஆனால் எனக்குள் ஒருத்தி, இப்போதே வரிசையின் முன்னால் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.