சொட்டாத வால்வு

என் ஒன்றுவிட்ட அக்காளின் மூத்த மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "யாருகைவச்சா" என்றால்தான் தெருவுக்கே தெரியும். எந்த வீட்டுக் குழாயைப் பழுது பார்க்கப் போனாலும், தோள்பையை இறக்குவதற்கு முன்பே அவன் கேட்கும் கேள்வி அது. துருப் பிடித்துத் தானாக உடைந்த குழாயாக இருந்தாலும் கேள்வி மாறாது. துருவை யாரோ கைப்பிடித்துக் கூட்டி வந்து விட்டதுபோல வீட்டிலுள்ள ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பான்.

பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அவன் அம்மா, அதாவது என் பெரியப்பா மகள், பால் ஆற்றிக் கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பான். கல்யாணமான பிறகு, பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பான். அவன் பெண்டாட்டி ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: "இவரு கண்ணாடி பார்த்தாக்கூட, எதிர்ல நிக்கிற ஆளு யாரு, எதுக்கு வந்திருக்கான்னு விசாரிப்பாரு மாமா." பக்கத்தில் இருந்த அவன் சிரிக்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்து இவள் இப்படிப் பேசுகிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

ஆனாலும் அவன் பிடித்த தொழிலுக்கு அந்தக் குணம் பொருந்தி வந்தது. தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் ஓடும் என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அவன் நம்பமாட்டான். தெருக்குழாயில் அழுத்தம் சட்டென்று இறங்கினால், கட்டடத்துக்குள் வந்த தண்ணீர் வந்த வழியே பின்வாங்கும். அந்த நேரம் பார்த்து ஒரு ரப்பர் குழாயின் நுனி ஏதாவது தொட்டியில் முங்கிக் கிடந்தால், தொட்டியில் இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்கத்தான் சாயக்கடை, வண்டி கழுவுகிற இடம் இங்கெல்லாம் ஒரு வால்வு வைக்கிறார்கள். உள்ளே இரண்டு சின்னக் கதவுகள். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் தள்ளிப் பிடித்திருக்கும். இரண்டுக்கும் நடுவே கீழே பார்த்தபடி ஒரு துளை. கதவு சரியாக மூடாவிட்டால் தண்ணீர் அந்தத் துளை வழியாகத் தரையில் கொட்டிவிடும், நல்ல தண்ணீரோடு சேராது. துளை சொட்ட ஆரம்பித்தால், என்னைத் திறந்து பார் என்று வால்வே ஆள் அனுப்புகிறது என்று அர்த்தம்.

இந்த வால்வுகளை வருஷா வருஷம் திறந்து, மண்ணைத் துடைத்து, தேய்ந்த ரப்பரை மாற்றி மூடுவதுதான் என் மருமகனுடைய வேலை. மூடிய பிறகு பெண்டாட்டியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, ஒவ்வொரு போல்ட்டின் மேலும் ஒரு பொட்டு வைப்பான். பாதிப் பொட்டு போல்ட்டில், பாதி மூடியில். யாராவது ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் பொட்டு பிளந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பொட்டினால்தான் வந்தது வினை.

நான் என் பிள்ளையோடு இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் மருமகனின் ஒரே தங்கை வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் புருஷன் பழைய துணிக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். முழங்கை வரை நீலமும் கருப்பும் ஏறிய கை. யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷர், ஆனால் எதையும் போட்டது போட்டபடி விட்டுவிடுவார். அந்தக் கடை வால்வைத் திறக்கப் போனபோது ஒரு போல்ட்டில் பொட்டு உரிந்திருப்பதை மருமகன் பார்த்துவிட்டான்.

"மாப்ளே, யாரு கை வச்சா?"

"யாரும் வைக்கல மச்சான். வாளி உரசியிருக்கும்."

"வாளிக்கு இந்த போல்ட் மேல மட்டும் என்ன கோபம்?"

"அதை வாளிகிட்டதான் கேக்கணும்."

அந்த ஒரு பேச்சுதான். தங்கை வைத்த தேநீரைத் தொடாமல், வால்வையும் திறக்காமல் போனவன், அப்புறம் அந்த வாசலை மிதிக்கவே இல்லை. நல்லது கெட்டதுக்குக்கூட எங்கள் வீட்டு மாடிப்படியோடு திரும்பிவிடுவான். கீழே சாயக்காரர் செருமினால் இவன் மேலே நின்று, "எதுக்குச் செருமுறாரு?" என்பான்.

இப்படியே இரண்டாம் வருஷமும் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில், தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் பெரிய குழாயை உடைத்துவிட்டார்கள். தண்ணீர் நின்றது. மத்தியானம் மறுபடியும் வந்தது. மூன்றாம் மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா முகம் கழுவிவிட்டு வெளியே வந்தார். வெள்ளை மீசை வெளிர் நீலமாக இருந்தது. முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு அவரவர் வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நல்ல வேளையாகப் பிள்ளைகள் யாரும் குடிக்கவில்லை. ஆனால் அன்று முதல் கட்டடத்தில் யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. விலைக்கு வாங்கிய தண்ணீர் கேனை வீட்டுக்குள்ளே வைத்துப் பூட்டினார்கள். சாயக்காரர் படியேறி வந்தால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. வேண்டுமென்றே கலந்துவிட்டார் என்றுகூட ஒரு குசுகுசுப்பு. கட்டடத்துக்குச் சொந்தக்கார அம்மா கடை வாசலில் நின்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "வால்வைத் திறந்து பார்க்கணும். கடைக்காரங்க தப்புன்னு தெரிஞ்சா கடையைக் காலி பண்ணிடணும்."

கடை போனால் அந்தக் குடும்பத்துக்கு வேறு கதியில்லை. கடைக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறைதான் அவர்களுக்கு வீடும்.

மருமகனுக்கு ஆள் போயிற்று. வந்தான். முகத்தைப் பார்த்துவிட்டு நானும் பின்னாலேயே கடைக்குள் போனேன். அவனுக்கு வால்வைத் திறக்கத் தேவையே இல்லை, தீர்ப்பை எழுதிக்கொண்டு வந்துவிட்டான் போலிருந்தது. தொட்டிகளுக்குப் பின்னால், சுவரோரம் தாழ்வாக இருந்த வால்வின் முன்னால் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தான். உரிந்த அந்த ஒன்றைத் தவிர எல்லாம் முழுசாக இருந்தன. அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"மாடிக் குழாயெல்லாம் மூடியிருக்கான்னு நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்கம்மா," என்று சொந்தக்கார அம்மாவை அனுப்பினான். "வேற யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

அவர் படியேறிப் போன பிறகு, வால்வின் இரண்டு பக்கமும் இருந்த அடைப்பான்களை மூடினான். பக்கவாட்டுத் திருகைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றினான். அப்போது நடுத்துளை வழியாகத் தண்ணீர் கொட்டவேண்டும். கொட்டவில்லை. தரை காய்ந்து கிடந்தது. அடியில் விரலை விட்டுத் தடவினான். அப்படியே நிறுத்தினான். பிறகு கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தான். துணி சுற்றிய ஒரு தக்கை வெளியே வந்தது. அதன் பின்னாலேயே நீலத் தண்ணீர் அவன் சட்டைக் கையெல்லாம் கொட்டியது.

"யாரு கை வச்சா?"

இந்தத் தடவை மெதுவாகத்தான் கேட்டான்.

சாயக்காரர் மிரண்டு போனார். "சத்தியமாத் தெரியாது மச்சான். ரப்பர் குழாய் தொட்டிக்குள்ள முங்கிக் கிடந்தது நிஜம். அது என் தப்பு. ஆனா இதை நான் பாத்ததே இல்ல."

"சாயப் புட்டியோட தக்கை இது. உங்க கடையில இல்லாம வேற எங்க கிடைக்கும்? தண்ணி சொட்டி இடம் ஈரமாகுதுன்னு அடைச்சிட்டீங்க. அப்படித்தானே?"

"நான்தாண்ணே அடைச்சேன்."

பின்னறைக் கதவைப் பிடித்தபடி தங்கை நின்றிருந்தாள்.

"நீயா? உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரு சொல்லணும்? நாலஞ்சு மாசமா சொட்டிக்கிட்டே இருந்துச்சு. உனக்குச் சொன்னா, இவர்தான் வால்வை நோண்டிட்டாருன்னு வருவ. இவர்கிட்ட சொன்னா வேற ஆளைக் கூப்பிடுவாரு. வேற ஆளு கை பட்டுச்சுன்னா நீ செத்தாலும் எங்க மூஞ்சியில முழிக்கமாட்ட. சொட்டுறது நின்னுட்டா சண்டையும் நின்னுடும்னு நினைச்சேன்."

"அதுக்காக? அந்தத் துளை என்னத்துக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நீ எப்பவாவது சொன்னியா? போல்ட்டுக்குப் பொட்டு வச்சது யாரைப் பிடிக்கிறதுக்குன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவன் ஸ்பேனரை எடுத்தான். மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, இரண்டு கதவுகளையும் வெளியே வைத்தான். ரப்பர் வட்டுகள் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தன. கதவு வந்து பதிகிற விளிம்பில் பொடிக்கற்கள். ஆறு மாதத்துக்கு முன்பே திறந்திருந்தால் ஒரு மணி நேர வேலை.  அவனுக்கே தெரிந்திருந்தது.

சொந்தக்கார அம்மா இறங்கி வந்தார். "என்ன கண்டுபிடிச்சீங்க?"

மருமகனின் வலது கை மூடியே இருந்தது. தக்கை அதற்குள் இருந்தது. ரப்பர் தேய்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும், கடை பிழைத்துக்கொள்ளும்.  ஆனால் ஊரையெல்லாம் நிற்கவைத்து உண்மையைக் கேட்டவனுக்குப் பொய் வரவில்லை. கையை விரித்துக் காட்டினான்.

"துளையில இது இருந்துச்சும்மா. என் தங்கச்சி வச்சது. எனக்குப் பயந்துக்கிட்டு வச்சிருக்கா. ரப்பரும் தேஞ்சு கிடக்கு. போன வருஷமே நான் மாத்தியிருக்கணும். வரல."

"ஏன் வரல?"

"மாப்பிள்ளை மேல சந்தேகம்."

அந்த அம்மா அவனையும் தங்கையையும் சாயக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா ஜோடிக்கிறீங்க. பழியைப் பொம்பளை தலையில வச்சுட்டா நான் இரக்கப்படுவேன்னு நெனப்பா? அண்ணன் வேலை பாக்குற வால்வு, தங்கச்சி புருஷன் கடை. உங்க பேச்சை நான் எப்படி நம்புறது?"

மருமகன் விரித்திருந்த கையை மூடிக்கொண்டான். அந்தக் கேள்வியை அவன் மற்றவர்களைக் கேட்டுத்தான் பழக்கம்.

வெளியிலிருந்து வேறு ஆளை அழைத்துக் காட்டவேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். மறுநாள் வந்தது ஒரு நடுவயதுப் பெண், கையில் பெரிய கருவிப்பை. கட்டடமே படிக்கட்டில் கூடிவிட்டது. அவள் பையை இறக்குவதற்கு முன்பே, முந்தின நாள் கழற்றியதில் பிளந்திருந்த பொட்டுகளைப் பார்த்தாள்.

"இதுல கடைசியா கை வச்சது யாரு?"

படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. குமாஸ்தா தன் நீல மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருமகன் மட்டும் பள்ளிக்கூடப் பையன்போல விறைப்பாக நின்று, "நான்தாங்க" என்றான்.

அவள் அவனை விடவில்லை. எத்தனை நாளாகத் திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை, பழைய ரப்பர் எங்கே, எல்லாம் கேட்டாள். துளைக்குள் ஒட்டியிருந்த துணி நூலை இடுக்கியால் எடுத்து, தக்கையோடு வைத்துப் பார்த்தாள். கடைசியில் சொந்தக்கார அம்மாவிடம் சொன்னாள்: "இவங்க சொன்னது நிஜந்தான். மாசக்கணக்கா அடைச்சிருக்கு. துளை திறந்திருந்தா சாயம் தரையிலதான் கொட்டியிருக்கும். தொட்டியில குழாய் முங்கக் கூடாது, இந்தத் துளையை யாரும் தொடக் கூடாது. மத்தபடி கடையால ஆபத்தில்ல." புது ரப்பர் போட்டு மூடினாள். தன் பொட்டாக மஞ்சள் பெயின்ட் வைத்தாள். மருமகன் அந்த மஞ்சளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடை தப்பியது. ரப்பர் குழாயின் நுனியைத் தொட்டிக்கு மேலே ஒரு கொக்கியில் தொங்கவிட்டார்கள். துளைக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு வெள்ளை வாளி. மாடிக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். நானும்தான்.

அதற்கு அடுத்த வருஷம் வாளியில் தண்ணீர் சொட்டியது. தங்கை அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். வந்தான். பையை இறக்கினான். அடைப்பான்களை மூடி, மூடியைக் கழற்றி, கதவின் இடுக்கிலிருந்து அரிசி அளவு கல்லை எடுத்து வாளி விளிம்பில் வைத்தான். யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. துடைத்தான், கிரீஸ் தடவினான், மூடினான். கடைக்குள் ஸ்பேனர் சத்தம் மட்டும்தான்.

சாயக்காரருக்குத் தாங்கவில்லை. நீலக் கைகளைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் வந்து குந்தினார்.

"கேட்டுடுங்க மச்சான். கேக்காம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

மருமகன் கடைசி போல்ட்டை இறுக்கினான். "தெருக்குழாய்ல இருந்து வந்த கல்லு மாப்ளே," என்றான். பிறகு தங்கை வைத்த தேநீரை எடுத்தான். வெளிச்சத்தில் ஒரு முறை தூக்கிப் பார்த்தான். குடித்தான்.