கோயில் காலண்டரில் என் நிலா

எனக்குப் பொறாமை உண்டு. இல்லை என்று சொல்லி அந்தப் பொய்யையும் பாவக் கணக்கில் சேர்த்துக்கொள்ள விருப்பமில்லை. அதுவும் யார் மேல்? வெள்ளக்கடை கிராமத்தில் குடியிருந்துகொண்டு எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போய்வருகிற, என்னைவிடப் பத்து வயது சின்னவளான என் கொழுந்தன் மனைவி மேல். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நிலாதான் காரணம்.

நான் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலை பார்க்கிறேன். எட்டு வருடமாகக் கேமரா வைத்திருக்கிறேன். பழையதாக வாங்கியதுதான், ஆனாலும் நீள லென்ஸ், மூன்று கால் ஸ்டாண்டு எல்லாம் உண்டு. சொந்தத்தில் கல்யாணமோ, சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மையோ, வளைகாப்போ, எதுவானாலும் "அக்காளக் கூப்புடுங்க, அவங்க எடுத்தாத்தான் படம் படமாட்ட இருக்கும்" என்பார்கள். எனக்குப் பாட வராது. சமையல் சுமார். நாலு பேர் நடுவில் கலகலவென்று பேசவும் தெரியாது. இந்த மலையில் எனக்கென்று இருந்த பெயர் அது ஒன்றுதான்.

நிலாவைப் படமெடுக்க ஆரம்பித்தது யாருக்காகவும் இல்லை, எனக்காக. முதல் படத்தில் வெள்ளைப் பொட்டுதான் விழுந்தது. வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், ஷட்டரை வேகமாக்க வேண்டும் என்று புரியவே ஆறு மாதம் ஆனது. பிறகு கம்ப்யூட்டரில் ஐம்பது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கப் படித்தேன். கொஞ்சம் கூர்மையை ஏற்றினால் பள்ளங்கள் தெரியும், அதிகம் ஏற்றினால் நிலாவுக்கு அம்மை போட்டதுபோல ஆகிவிடும். இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் உண்டு. எங்கள் வீட்டுப் பக்கம் பாதி நாள் பனிமூட்டம். கொழுந்தன் மனைவியின் வீட்டுக் கொல்லையிலோ நிலா நேராகத் துணி காயப்போடும் கொடிக்கு மேலேயே உதிக்கும். மகராசி, தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், கொல்லையில் நின்று, கையிலிருந்த செல்போனில் ஒரு படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டாள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதற்குப் பின்னால் மஞ்சளாக நிலா. பள்ளம் மேடெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சொந்தக்காரர்கள் பூவாகவும் கைதட்டலாகவும் கொட்டித் தீர்த்தார்கள். என் வீட்டுக்காரரே, "பாரு புள்ள, ஸ்டாண்டும் இல்ல ஒண்ணும் இல்ல, எப்புடி எடுத்திருக்கா!" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதோடு விட்டதா? எங்கள் மாதா கோயில் பங்கில் வருடா வருடம் தேதி கிழிக்கும் காலண்டர் அடிப்பார்கள். மேல் அட்டையில் பங்கு மக்கள் யாராவது எடுத்த ஒரே ஒரு படம். வருடம் முழுக்க எல்லா வீட்டுச் சுவரிலும் அந்தப் படம்தான். இரண்டு வருடமாக நான் கொடுத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. இந்த முறை பங்குச்சாமியார் அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "இதையே போட்டுரலாமே" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது நான் தயாராக இருந்தேன். என் பழைய நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து, ஜன்னலையெல்லாம் சாத்தினேன். அவள் போனை வாங்கி, அறையின் மறு மூலையிலிருந்து அதைப் படமெடுத்தேன். திரையில் இருந்ததோ வெறும் மங்கல் வட்டம். போனில் விழுந்த படத்தில் பள்ளமும் மேடும் வந்து உட்கார்ந்திருந்தன.

"பாத்தீங்களா? இது இவ எடுத்ததில்ல. போன் தானா வரஞ்சுக்குது. இதப் போயி காலண்டர்ல போடறாங்களாம்!" என்றேன்.

"உடு புள்ள" என்றார் வீட்டுக்காரர். கொழுந்தன் பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் சுருங்கிப்போனது. "எனக்குத் தெரியாதுங்க்கா. நெசமாலும் அங்க நின்னுதான் எடுத்தனுங்க" என்றாள். மறுநாளே சாமியாரிடம் போய்த் தன் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது.

படம் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கியது. எங்கள் கோயில் கோபுரமும் முழு நிலாவும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று ஆசை. அந்த மாதப் பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் மூன்று சாயங்காலம் ஸ்டாண்டோடு போய் நின்றேன். மூன்று நாளும் பனி வந்து கோபுரத்தையே விழுங்கியது. ஆத்திரத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். கோபுரத்துக்குப் பின்னால் வானம் சிவந்திருக்கும் பழைய அந்திப் படம் ஒன்று இருந்தது. வேறொரு மாதம் எடுத்த பௌர்ணமி நிலாவை வெட்டி, இரண்டு மடங்கு பெரிதாக்கி, ஓரத்தை மழுக்கி, அந்தச் சிவப்பில் வைத்தேன். அவள் போன் தானாகச் செய்ததை நான் மெனக்கெட்டுக் கையால் செய்தேன். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அவ்வளவு அழகாக இருந்தது. குடும்பக் குரூப்பில் போட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள். அவளும் கும்பிடும் கை ஒன்று போட்டாள். சாமியாரும் ஒத்துக்கொண்டார்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய ஞாயிறு பூசை முடிந்து காலண்டர் கொடுத்தார்கள். நான் புதுப்புடவையில் நின்றேன். எஸ்டேட்டில் வேலை செய்யும் ஓர் அம்மா காலண்டரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாமல், சத்தமாகக் கேட்டார்.

"ஏனுங்க, பௌர்ணமி நெலா எங்க எஸ்டேட்டு பங்களாப் பக்கமிருந்துல்ல வருமுங்க? இதென்னங்க, பொழுது உழுவுற பக்கம் வந்திருக்குது?"

சூரியன் மேற்கே விழும்போது முழு நிலா கிழக்கே எழும். எட்டு வருடம் நிலாவின் பின்னால் அலைந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். வெறி கண்ணை மறைத்துவிட்டது. பின்னால் ஒரு பையன், "நெலா பஸ்ஸு மாறி ஏறிருச்சாட்ட இருக்குது" என்றான். கோயில் வாசல் முழுக்கச் சிரிப்பு. சாமியாரும் சிரித்துவிட்டார். நான் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வீடு வந்து அழுதேன். இனி ஒரு வருடம், ஒவ்வொரு வீட்டிலும், தேதி கிழிக்கும்போதெல்லாம் சிரிப்பார்கள்.

புது வருடம் பிறந்து அவள் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. அடுப்படிச் சுவரில் என் காலண்டர் தொங்கியது. தினமும் அந்த எஸ்டேட் வேலைக்குப் போகிறவள். நிலா எந்தப் பக்கம் எழும் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது என்பது அப்போதுதான் எனக்குத் தைத்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

காப்பியை ஆற்றிக்கொண்டே, "குரூப்புல போட்டன்னிக்கே தெரிஞ்சுதுங்க்கா" என்றாள்.

"அப்ப ஏன் சொல்லல? என்னைப் பாத்து எல்லாரும் சிரிக்கட்டும்னா?"

"ஐயோ, அப்புடி இல்லீங்க. சொன்னா உங்க படத்தத் திருப்பி வாங்கிருவீங்க. என் படம் போனப்ப எனக்கு எப்புடி இருந்துச்சுன்னு எனக்குத்தானுங்க தெரியும். யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சிட்டனுங்க்கா."

நறுக்கென்று இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு திருப்பிக் கொடுத்து, இரண்டு பேரும் சரிக்குச் சரி ஆகியிருப்போம். அதற்கும் வழி வைக்கவில்லை பாவி. மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. டம்ளரை வாங்கிக் குடித்தேன். காப்பி வேறு என்னுடையதைவிட நன்றாக இருந்தது.