ஏழு மாமன்களும் ஒரு பென்டிரைவும்

ஒதியம்பட்டு கல்பனாவின் லேப்டாப் திறந்துகொள்வதற்குள் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றி ஏழெட்டு ஊர்களில் காதுகுத்தோ மஞ்சள் நீராட்டோ எது நடந்தாலும் பேனர் வடிவமைப்பது அவள்தான். ஒன்பது வருடத் தொழில். லேப்டாப் நின்றால் அதுவும் நின்றது. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பிரேமா, திருவாண்டார்கோயில் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனில் அவளுக்கும் ஓர் இடம் சொல்லிவைத்திருந்தாள். திங்கட்கிழமை ஏறினால் உண்டு. இல்லையென்றால் அந்த இடம் வேறொருத்திக்கு.

சனிக்கிழமை, வில்லியனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் மாலிக் அவளிடம் ஒரு பென்டிரைவை நீட்டினான்.

"இதுல விண்டோஸுக்குப் பதிலா ஓடற லினக்ஸ் மூணு வகை இருக்குதுக்கா. மூணு வூடுன்னு வெச்சிக்க. ஒவ்வொண்ணுலயும் குடியிருந்து பாரு. புடிச்சத சொல்லு, லேப்டாப்புலயே ஏத்தித் தரேன். ஆனா பென்டிரைவ்ல ஓடறப்ப உள்ள எதுவும் தங்காது. அணைச்சா போச்சி. செய்யச் செய்ய போனுக்கு அனுப்பிக்க."

"வாடகை வூட்டுல ஆணி அடிக்காதன்ற."

"அதான்."

முதல் வீடு அரண்மனை. ஜன்னல்கள் தாமரைபோல் விரிந்தன. ஆனால் உள்ளே விசிறி நெல் மில்லைப்போல் அலறியது. இரண்டாவது சிட்டாய்ப் பறந்தது. பார்க்கத்தான் ரேஷன் கடைச் சுவர். மூன்றாவது, லினக்ஸ் மின்ட். அதன் திரையில் பனி மூடிய ஒரு மலை. செஞ்சியைத் தவிர வேறு மலை பார்த்திராதவள், ஈரப்புல்லில் காலை வைத்து ஏறுவதுபோல் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியபிறகுதான் மெனுவைத் திறந்தாள்.

ஞாயிறு காலை கரியமாணிக்கம் முத்துசாமி, மகளின் காதுகுத்துக்காக, போட்டோக்களை அனுப்பிவிட்டுப் பேசினார். "ஏழு மச்சானுங்க தலையும் ஒரே அளவா வரணும்மா. ஒண்ணு சின்னதா போச்சின்னா அவன் பந்தியில உக்காரமாட்டான். அப்புறம் என் தலையத்தான் உருட்டுவாங்க."

முகங்களை வெட்ட கிம்ப், எழுத்துக்கு இங்க்ஸ்கேப் என்று இரண்டையும் போன் நெட்டில் இறக்கிக்கொண்டாள். பழகிய கருவிகள் எல்லாம் வேறு வேறு மூலையில் இருந்தன. புது வீட்டில் தீப்பெட்டி தேடுகிறவளைப்போல் தேடித் தேடிச் செய்தாள். மாமன்கள் ஒவ்வொருவராக, தண்ணீரிலிருந்து தலை தூக்குவதுபோல், மலைமேல் எழுந்து வந்தார்கள். வெயில் சுவரில் இறங்கியது தெரியவில்லை. முடித்த பேனரைச் சாய்ந்து உட்கார்ந்து ரசித்தாள். போனுக்கு அனுப்பும் நினைப்பே வரவில்லை.

கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது.

கரண்ட் வந்தபோது மலை இருந்தது. மாமன்கள் இல்லை, கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும்கூட இல்லை. யாருமே ஏறியிராத மலைபோல இருந்தது.

வேலி ஓரம் பிரேமா குரல் கொடுத்தாள். "இன்னாடி, நாளைக்கு ஆறரைக்கு வேனு. டிபன் பாக்ஸு கழுவி வெச்சிட்டியா?"

"உம்."

சொன்னாளே தவிர, எழுந்திருக்கவில்லை. கிம்ப்பை மறுபடி இறக்கினாள். மூன்றாமவர் கன்னத்து மரு, ஐந்தாமவரின் கோணல் கண்ணாடி எல்லாம் இப்போது மனப்பாடம். இந்த முறை ஒவ்வொரு தலைக்கும் ஒரு தடவை போனுக்கு அனுப்பினாள். கடைசித் தலையை ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் மாடுகள்கூட இன்னும் வீடு திரும்பவில்லை. முதல் தடவை அரைநாள் தின்ற வேலை. எந்தக் கருவியையும் தேடிய ஞாபகம் இல்லை. கை அவளைக் கேட்காமலே குடியேறியிருந்தது.

முத்துசாமியிடமிருந்து குரல்செய்தி வந்தது. "அருமைம்மா. மூணாவது மச்சான் தலதான் கொஞ்சம் பெருசா தெரியுது. பரவால்ல, அவன் தலையே அப்பிடித்தான்."

திங்கள் காலை வேன் வந்து நின்றது. பிரேமா ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஏறுடி."

"எடத்த வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு பிரேமா."

"ஏன், நீ எங்க போற?"

"மாலிக் கடைக்கு."

"லேப்டாப்ப விக்கவா?"

"இல்ல. ஆணி அடிக்க."

ஒன்றும் புரியாத முகத்தோடு பிரேமா போனாள். லேப்டாப் பையை மார்போடு அணைத்தபடி கல்பனா வில்லியனூர் பஸ்ஸுக்கு நின்றாள். எதிரே வயல்மேல் பனி இன்னும் கலையவில்லை. அதற்குள்ளே ஒரு மலை இருந்தாலும் இருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு.